வசதியா, வைராக்கியமா?



சாதனையாளரை உருவாக்குவது வசதியா, வைராக்கியமா? இதுதான் இன்றைய கேள்வி. எதிரணி நண்பர் கேட்டார்: "பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வளரும் பையன் எங்கே போய் விளையாடுவான்? ஹாக்கி மட்டை வாங்கப் பணம் வேண்டாமா?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். அவர்தான் தன்ராஜ் பிள்ளை.

1968ஆம் ஆண்டு புனே நகரை ஒட்டிய கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா அங்கிருந்த ஆயுதத் தொழிற்சாலையின் விளையாட்டுத் திடலைப் பராமரிக்கும் தொழிலாளி. ஐந்து ஆண் பிள்ளைகளில் இவர் நான்காமவர். புது மட்டைக்கு வழியில்லை. உடைந்த மட்டையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மற்றவர்கள் கழித்துப் போட்ட பந்தை வைத்துப் பழகினார். சோற்றுக்கே திண்டாடும் வீட்டில் விளையாட்டு எதற்கு என்று அந்தத் தாய் கேட்கவில்லை. போய் ஆடுங்கள் என்று ஐந்து பேரையும் அனுப்பினார்.

1989இல் டில்லியில் ஆசியக் கிண்ணப் போட்டி. தன்ராஜ் இந்திய அணிக்குள் நுழைந்த ஆண்டு அது. இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் தோல்வி. தொடக்கமே தோல்வி!

அதன் பிறகு அவர் ஆடியது நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம், நான்கு சாம்பியன்ஸ் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டி. மொத்தம் 339 அனைத்துலக ஆட்டங்கள். ஆனால் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட அவர் கைக்கு வரவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியில் போலந்தை வென்றால் அரையிறுதி. 1-0 என்று முன்னிலையில் இருந்த இந்தியா, கடைசி இரண்டு நிமிடத்திற்குள் ஒரு கோல் வாங்கியது. ஆட்டம் சமநிலை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அவமானமும் பட்டிருக்கிறார். 1998இல் பேங்காக்கில் அவர் தலைமையில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. ஊர் திரும்பியதும் அவரும் மூத்த ஆட்டக்காரர்கள் ஆறு பேரும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஓய்வு கொடுக்கிறோம் என்றது நிர்வாகம். ஆட்டக்காரர்களுக்கான படித்தொகை பற்றி வாய் திறந்ததற்கான தண்டனை அது என்றே பலரும் கருதினார்கள். மனம் உடைந்து வீட்டில் உட்கார்ந்தாரா? இல்லை. மீண்டும் வந்தார்.

2003, நம் கோலாலம்பூர். மீண்டும் ஆசியக் கிண்ணம், மீண்டும் இறுதியாட்டம், எதிரே அதே பாகிஸ்தான். அணித்தலைவர் தன்ராஜுக்கு வயது 35. இந்தியா 4-2 என்று வென்று, முதன்முறையாக அந்தக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. டில்லியில் நழுவியது 14 ஆண்டுகள் கழித்து நம் மண்ணில் கிடைத்தது. மலேசியக் கிளப்புகளுக்கும் ஆடியவர் என்பதால் அவர் நமக்கு அந்நியரும் அல்லர்.

நடுவர் அவர்களே, ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். தன்ராஜ் தனியாக வளரவில்லை. பம்பாயில் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த அண்ணன் ரமேஷ் அவரை அழைத்துக்கொண்டு போய் வழிகாட்டினார். வசதி இல்லாத பிள்ளைக்கு ஓர் ஆள் துணை வேண்டும். அதை வசதி என்று எதிரணி சொன்னால், அது காசு கொடுத்து வாங்கும் வசதி அல்ல என்பேன்.

நமக்கும் ஹாக்கி புதிதல்ல. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில் ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் மலேசியா நான்காம் இடம் பிடித்தது. 2010இலும் 2018இலும் ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றபோது கோல் காவலராக நின்றவர் எஸ்.குமார். இந்த வரிசை அறுந்துபோக வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரே! டியூஷனுக்கு அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மாலை திடலுக்கும் அனுப்புங்கள். தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் "உனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அடுத்த ஆட்டம் எப்போது?" என்று கேளுங்கள். வைராக்கியம் அங்கேதான் முளைக்கிறது.