அறத்திற்குச் சாட்சி யார்?

கடவுளை நம்பாதவன் ஒழுக்கத்தோடு வாழ இயலுமா என்னும் வினா மிகப் பழையது. மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற அச்சம் அகன்றுவிட்டால் மனிதன் எதைத்தான் செய்யத் துணியமாட்டான் என்று கேட்போர் இன்றும் உளர். இவ்வினாவுக்கு வாதத்தால் விடை கூறியோர் பலர். வாழ்ந்து காட்டி விடை கூறியோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஆந்திர நாட்டின் கோரா.

டில்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சென்னைக்கு இரயிலில் வந்துபோகும் தமிழன்பர்கள் விஜயவாடா நிலையத்தை நன்கு அறிவர். கோராவும் அவர்தம் துணைவியார் சரஸ்வதி அம்மையாரும் நிறுவிய நாத்திக மையம் 1947 முதல் அந்நகரில்தான் இயங்கி வருகிறது. கோபராஜு ராமச்சந்திர ராவ் என்னும் பெயரின் சுருக்கமே கோரா. 1902-இல் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். மதுரையிலும் ஆசிரியராகப் பணியாற்றினார். கடவுள் மறுப்புக் கொள்கைக்காக 1933-இல் காக்கிநாடாவில் வேலையை இழந்தார். 1940-இல் ஆசிரியத் தொழிலையே துறந்து, கிருஷ்ணா மாவட்டத்து முதுனூர் என்னும் சிற்றூரில் மையத்தைத் தொடங்கினார்.

வேலையும் உற்றார் ஆதரவும் போனபின் அவர் செய்தவை யாவை? தீண்டாமையை எதிர்த்தார், எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் அமர்ந்துண்ணும் சமபந்தி விருந்துகளை நடத்தினார், விடுதலைப் போரிலும் ஈடுபட்டார். உப்பு சத்தியாக்கிரகம் நிகழ்ந்த 1930-இல் பிறந்த மகனுக்கு லவணம், அதாவது உப்பு, என்றே பெயரிட்டார். கிரகண காலத்தில் கருவுற்ற பெண்கள் வெளிவரலாகாது என்ற அச்சத்தைப் போக்கச் சரஸ்வதி அம்மையார் தாம் கருவுற்றிருந்தபோதே வெளியே நடமாடிக் காட்டினார். சொல் ஒன்று, செயல் வேறு என்ற நிலை அவ்வில்லத்தில் இல்லை.

1944-இல் கோரா சேவாகிராமம் சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். வங்கப் பஞ்சத்தின் கொடுமையைக் கல்கத்தாவில் கண்டிருந்தவர் அவர். உணவுக் கடைகளின் எதிரிலேயே மக்கள் பசியால் மடிந்தனர். பசித்தவன் அதனை விதி என்று ஏற்றான். உண்டவனும் விதி என்றே கடந்து போனான். தன் நிலைக்குத் தானே பொறுப்பு என்று மனிதன் உணர்ந்தாலன்றி இந்நிலை மாறாது என்பதே கோராவின் வாதம். அடிகள் அதனைப் பொறுமையுடன் கேட்டார். தமது ஆத்திகம் சரியென்றோ கோராவின் நாத்திகம் தவறென்றோ தம்மால் கூறவியலாது, இருவரும் உண்மையைத் தேடுபவர்களே என்னும் கருத்தைத் தெரிவித்தார். கடவுளே சத்தியம் என்பதினும் சத்தியமே கடவுள் என்பது பொருத்தமானது என்று 1931-இலேயே கூறியவர் அல்லவா அவர்?

தம் மூத்த மகளைத் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த இளைஞர் ஒருவருக்கு மணமுடிக்கக் கோரா முடிவு செய்தார். அத்திருமணத்தை ஆசிரமத்தில் நடத்தி வைக்க அடிகள் இசைந்தார். உறுதிமொழியில் கடவுளின் பெயருக்குப் பதிலாகச் சத்தியத்தின் பெயரை வைக்கவும் உடன்பட்டார். 1948 ஜனவரியில் அடிகள் மறைந்தார். ஆயினும் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சேவாகிராமத்திலேயே திருமணம் நடந்தது.

கோரா 1975-இல் காலமானார், பணி நிற்கவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் 1952-இல் நீக்கப்பட்டும், அம்மக்கள்மீது படிந்த இகழ்ச்சி நீங்கவில்லை. ஸ்டூவர்ட்டுபுரத்தில் அவர்களிடையே சென்று மறுவாழ்வுப் பணி புரிந்தவர்கள் லவணமும் அவர் துணைவியார் ஹேமலதாவும் ஆவர். 1977 நவம்பரில் புயலும் கடலும் திவிசீமையை அழித்தபோதும் மையத்தினர் துயர்துடைக்க முன்வந்தனர்.

இதனால் நம்பாதோர் அனைவரும் நல்லோர் என்று முடிவு கட்டலாகாது. நம்பிக்கையின்மை தானே ஓர் அறமாகிவிடாது; இறைப்பற்றினால் தூண்டப்பெற்று இத்தகைய தொண்டு செய்தோர் எண்ணற்றோர். நாம் அறியத்தக்கது இதுவே: ஒரு செயல் நன்றா தீதா என்பதற்கு, அச்செயலால் இன்பமோ துன்பமோ அடைகிற மனிதனே முதற் சாட்சி. பசித்தவனுக்கு இட்ட சோறு, இட்டவன் யாரை வணங்குகிறான் என்பதால் சுவை மாறுவதில்லை.

நமது அரசியலமைப்பும் இவ்வுண்மையை மதிக்கிறது. பதவி ஏற்போர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். உளமார உறுதி கூறவும் செய்யலாம். இரண்டிற்கும் மதிப்பு ஒன்றே. 1976-ஆம் ஆண்டின் திருத்தம் அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாகவே சேர்த்துவிட்டது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் தத்துவ விசாரம் அன்று. பிறந்த ஊரிலே கோயிலும், குலமும், தெருவில் எதிர்ப்படும் பெரியவரும் நம் நடத்தைக்குக் காவலாக நிற்கின்றனர். அயலூரில் நம்மை யாரென்று கேட்பார் இல்லை. வீட்டு வேலை செய்பவளுக்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதற்கும், வேற்று மதத்து அண்டை வீட்டாரின் நோயில் துணை நிற்பதற்கும் அங்கே நம் உள்ளம் ஒன்றே காவல். நம்பிக்கை உடையோர் அக்காவலை இறைவன் குரல் என்பர். இல்லாதோர் மனிதப் பொறுப்பு என்பர். அழைக்கும் பெயர் எதுவாயினும், ஆற்றவேண்டிய கடமை ஒன்றே.