மத்தியான வேளைக்கு ஒரு மணி நேர சங்கீதம்

(கிளையின் இசைக் குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

வரும் வருஷம் இளம் கலைஞர்களுக்கு எந்த நேரத்தில் கச்சேரி வைப்பது என்று தீர்மானிக்கக் கூடியிருக்கிறோம். மத்தியானம் வைக்கலாம் என்று சொன்னவுடன் இரண்டு மூன்று பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மத்தியானக் கச்சேரி என்றாலே நம் மனதில் ஒரு சித்திரம் இருக்கிறது. மார்கழி மாதம், பன்னிரண்டு மணி. மேடையில் ஒரு பெண் உயிரைக் கொடுத்துத் தோடி பாடிக்கொண்டிருப்பாள். முதல் வரிசையில் அப்பா, அம்மா, குரு. பின்னால் ஏழெட்டுப் பேர். அவர்களிலும் இரண்டு பேர் கேண்டீனில் இலை போடுவதற்காகக் காத்திருப்பவர்கள். டிக்கெட் கிடையாது. பல இடங்களில் சம்பாவனையும் கிடையாது. மேடை கிடைத்ததே சன்மானம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இதில் குற்றம் மத்தியான வேளையினுடையதா, அல்லது அதை நாம் நடத்தும் விதத்தினுடையதா? இதைத்தான் இன்று பேச வந்தேன். உதாரணமாக, வெகு தூரத்தில் நடந்த ஒரு தொடர் கச்சேரியின் கதையைச் சொல்கிறேன்.

ஊர் லண்டன். 1939 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனியோடு போர் தொடுத்தது. குண்டு விழும் என்ற பயத்தில் நாடகக் கொட்டகைகள், சினிமாக்கள், கச்சேரி மண்டபங்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லிவிட்டார்கள். டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நேஷனல் கேலரி என்ற ஓவியக் கூடத்திலிருந்த படங்களைப் பத்திரமாக வேல்ஸ் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பெரிய பெரிய அறைகள், வெறும் சுவர்கள்.

மைரா ஹெஸ் என்ற பியானோ வித்வாம்சினி அங்கே போய்க் கேட்டார். யூதக் குடும்பத்தில் 1890இல் லண்டனில் பிறந்தவர். அப்போதே பெரும் புகழ் பெற்றவர். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை ரத்து செய்துவிட்டு ஊரிலேயே தங்கியவர். அவ்வப்போது இங்கே ஒரு கச்சேரி வைக்கலாமா என்பது அவர் கேள்வி. கேலரியின் இயக்குநர் கென்னத் கிளார்க், அவ்வப்போது என்ன, தினமுமே வைக்கலாமே என்றார்.

1939 அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கு முதல் கச்சேரி. இருநூறு பேரை மட்டும் அனுமதிக்க அரசாங்க உத்தரவு. வந்தவர்களோ ஆயிரம் பேர் அளவில். அன்று வேறு யாரையும் சிரமப்படுத்தாமல் ஹெஸ் தாமே வாசித்தார்.

அதன்பின் திங்கள் முதல் வெள்ளி வரை, மத்தியானம் தோறும் கச்சேரி. பெரும்பாலும் அவர்கள் 'சேம்பர் மியூசிக்' என்று சொல்லும் அறைச் சங்கீதம்தான். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் உட்கார்ந்து வாசிப்பது அதில் முக்கியமான வகை. கையில் கோலோடு முன்னால் நிற்கும் நடத்துநர் கிடையாது. ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு, கண்ணைப் பார்த்து, இழைந்து போக வேண்டும். நமக்கு இது அந்நியமான விஷயமே இல்லை. பாட்டு, பிடில், மிருதங்கம், தம்புரா என்று நம் கச்சேரியும் அடிப்படையில் அறைச் சங்கீதம்தானே? மைக்கும் பெரிய மண்டபமும் பிறகு வந்தவை.

1940 செப்டம்பரில் லண்டன் மேல் குண்டு மழை ஆரம்பித்தது. கச்சேரியை மேல் கூடத்திலிருந்து அடித்தளத்துக்கு மாற்றினார்கள், நிறுத்தவில்லை. அக்டோபரில் கேலரியின் மேலேயே குண்டு விழுந்தது. வெடிக்காமல் கிடந்த தாமத வெடிகுண்டு ஒன்று கட்டிடத்தின் வேறொரு பகுதியில், பெத்தோவனின் நால்வர் இசை நடந்துகொண்டிருக்கும்போதே வெடித்தது. வாசிப்பு தொடர்ந்தது என்று பதிவாகியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாக், பெத்தோவன், பிராம்ஸ், ஷூபர்ட், மொசார்ட் எல்லோரும் ஜெர்மன் மொழி பேசியவர்கள். அந்த நாட்டு விமானம் தலைக்கு மேல் குண்டு போடுகிறது. கீழே ஒரு யூதப் பெண்மணி பெத்தோவனை வாசிக்கிறார், ஜனங்கள் கண்ணை மூடிக் கேட்கிறார்கள். சண்டை வேறு, சங்கீதம் வேறு என்ற விவேகம் அந்தக் கூட்டத்துக்கு இருந்தது. ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் 1942இல் எடுத்த 'லிஸன் டு பிரிட்டன்' என்ற சிறு ஆவணப்படத்தில் ஹெஸ் அங்கே மொசார்ட்டின் கான்செர்டோ வாசிப்பதையும், சபையில் ராணி எலிசபெத், அதாவது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி, உட்கார்ந்து கேட்பதையும் இன்றும் பார்க்கலாம்.

போர் முடிந்து, 1946 ஏப்ரல் 10 அன்று இந்தத் தொடர் நிறைவடைந்தது. ஆறரை வருஷத்தில் 1,698 கச்சேரிகள். கேட்டவர்கள் 8,24,152 பேர். கணக்குப் போட்டால் சராசரியாக ஒரு மத்தியானத்துக்கு 485 பேர். ஹெஸ் மட்டும் 150 கச்சேரிகளில் வாசித்தார்.

போர்க்காலத்தில் வேறு போக்கிடம் இல்லை, அதனால் கூட்டம் வந்தது என்று சொல்லலாம். ஓரளவு உண்மை. ஆனால் சினிமாக்கள் சில வாரங்களிலேயே திறந்துவிட்டன. அப்புறமும் ஆறு வருஷம் ஜனங்கள் வந்தார்கள். காரணம், ஏற்பாடு சரியாக இருந்தது. அதை நாலு விஷயமாகச் சொல்லலாம்.

முதலாவது, நேரம். ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வருபவர் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும்படி கச்சேரி சுருக்கமாக இருந்தது. இடமும் ஊருக்கு நடுவில். இரவில் விளக்கில்லாத தெருவில் தடுமாறி வீடு திரும்ப வேண்டியதில்லை.

இரண்டாவது, கட்டணம். எல்லோருக்கும் ஒரு ஷில்லிங். டைப்பிஸ்டும் கொடுக்கக்கூடிய தொகை. ஆனால் இலவசம் இல்லை. மிஞ்சிய பணம் நலிந்த இசைக் கலைஞர்களுக்கான உதவி நிதிக்குப் போயிற்று.

மூன்றாவது, சன்மானம். புகழ் பெற்றவரோ, நேற்று மேடையேறியவரோ, வாசித்தவருக்கு ஐந்து கினி. ஆளைப் பார்த்துக் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை.

நாலாவது, வயிற்றுப்பாடு. தொண்டர்களே ஒரு கேண்டீன் நடத்தினார்கள். அங்கே கிடைத்த தேனும் உலர்திராட்சையும் வைத்த சாண்ட்விச் சங்கீதத்துக்குச் சமமாகப் பேசப்பட்டது. சபா கேண்டீன் அடையை விமர்சிக்கும் நமக்கு இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் உறுப்பினர்களில் மத்தியானத்தில் யாருக்குச் சௌகரியம்? சுற்றிப் பாருங்கள். எழுபது தாண்டியவர்கள் பலர் மாலைக் கச்சேரிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். சங்கீதத்தில் ஆசை போய்விட்டதா? இல்லை. இரவு ஒன்பது மணிக்கு ஆட்டோ கிடைப்பதில்லை, கண் தெரிவதில்லை, பிள்ளையைக் கொண்டுவிடச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பதினொன்றரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்கு மங்களம் பாடினால் அவர்கள் பகல் வெளிச்சத்தில் வீடு போய்ச் சேரலாம். ஒரு பக்கம் கேட்க ஆளில்லாத குழந்தைகள், இன்னொரு பக்கம் கேட்கப் போக முடியாத பெரியவர்கள். இருவரையும் சேர்த்து வைப்பதுதான் நம் வேலை.

ஆகவே என் யோசனைகள் மூன்று. மாதம் ஒரு கச்சேரி. ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது. ஐந்தே பேர் வந்தாலும் அந்த மாதம் நிற்கக் கூடாது. வருகிறவர்களிடம் ஒரு காப்பி விலையாவது வாங்க வேண்டும். பாடுகிறவருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் ஒரே சம்பாவனை, அன்றைக்கே, கவரில். தம்புரா போடும் பையனையும் மறக்கக் கூடாது. தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. வெறுங்கையோடு அனுப்புவது மட்டும் வேண்டாம். வித்தைக்கு வெற்றிலை பாக்காவது வைத்துக் கொடுத்த பரம்பரை நம்முடையது.

ஹெஸ்ஸின் பெயரில் 1977இல் சிகாகோ நகரத்தில் மத்தியானக் கச்சேரிகள் ஆரம்பித்தார்கள். இளம் கலைஞர்களுக்கு அது ஒரு நல்ல மேடையாயிற்று. ஒருவர் ஒரு மத்தியானம் ஆரம்பித்த காரியம் இன்னொரு கண்டத்தில் முளைத்தது.

நம் கிளைக்கு நேஷனல் கேலரி வேண்டாம். கோவில் மண்டபமோ, பள்ளிக்கூட ஹாலோ, ஒருவர் வீட்டுப் பெரிய கூடமோ போதும். ஐம்பது நாற்காலி, ஒரு ஜமுக்காளம், ஒரு பில்டர் காப்பி அண்டா. முதல் மாதத்துக் காப்பியை நான் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது மாதத்துக்கு யார் என்று இந்தக் கூட்டம் கலைவதற்குள் சொல்லிவிடுங்கள்.