நோய்ப்பட்ட பசுவும் காப்புறுதியும்



மலையகத் தோட்டமொன்றின் அதிகாலைப் பொழுதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிரட்டுக் களத்துக்கு ஆள் திரளுமுன்பே, லயத்தின் பின்புறத்து மாட்டுக் கொட்டிலில் ஒரு தாய் பால் கறந்துகொண்டிருக்கிறாள். கொழுந்துக் கூடை அவள் முதுகில் ஏறுமுன்னரே பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது. மாலையில் மலையிலிருந்து இறங்கும்போது அவள் தலையில் புல்லுக்கட்டு இருக்கிறது. நுவரெலியாப் பக்கத்திலும் ஹட்டன் பக்கத்திலும் இக் காட்சியைக் காணாதார் இலர். நிலம் தோட்டத்துக்குரியது, பல குடும்பங்களுக்கு இருக்கும் லயமும் தோட்டத்துக்குரியதே. தன்னுடையது என்று அத் தாய் துணிந்து சொல்லக்கூடிய பெருஞ்சொத்து அந்தப் பசு ஒன்றுதான். அது இறந்துபட்டால் பிள்ளையின் படிப்புச் செலவும் அடகு மீட்கும் பணமும் அதனோடு போய்விடும்.

ஆதலால் பசுவுக்குக் காப்புறுதி என்பது ஆடம்பரமன்று. இந் நாட்டில் 1958ஆம் ஆண்டு நெற்பயிருக்குப் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய காப்புறுதி, 1961இல் சட்டமாயிற்று. 1973ஆம் ஆண்டின் கமத்தொழிற் காப்புறுதிச் சட்டம் கால்நடைக்கும் வழி திறந்தது. பின்னர், 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்க் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை அமைந்தது. பிற தேசங்களிலும் இவ்வாறே கொட்டிலில் தொடங்கிய காப்புறுதி வீட்டுக்குள்ளும் நுழைந்தது. சுவீடனில் 1890ஆம் ஆண்டளவில் குதிரைக்கும் மாட்டுக்கும் ஏற்பட்ட முறை, 1924இல் நாய்க்கும் வந்து சேர்ந்தது. எனினும், எங்கு சென்றாலும் ஒரு கேள்வி மட்டும் மாறுவதில்லை: ஏற்கனவே நோய் கண்ட பிராணிக்குக் காப்புறுதி கிடைக்குமா?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பசுவுக்குப் போன ஈற்றில் மடிவீக்கம் வந்தது. மிருக வைத்தியர் மருந்து கொடுத்தார், வீக்கம் வற்றியது. ஆனால் ஒரு காம்பில் பால் நின்றுவிட்டது. இப்பொழுது வீட்டுக்காரர் காப்புறுதி செய்ய நினைக்கிறார். அயலார் ஒருவர், “பழைய நோயைப் பற்றி ஏன் வாய் திறக்கிறாய்? கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு” என்று புத்தி சொல்கிறார். இந்தப் புத்தி சரியா?

இதற்கு விடை காண, காப்புறுதி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறிதல் வேண்டும். கணக்குக்காக, நூறு பேர் தத்தம் பசுவைக் காப்புறுதி செய்கிறார்கள் என்றும், ஒரு பசுவின் மதிப்பு 200,000 ரூபாய் என்றும், ஆண்டொன்றில் மூன்று பசுக்கள் இறக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். கொடுக்கவேண்டிய நட்டஈடு 600,000 ரூபாய். ஆளுக்கு 6,000 ரூபாய் கட்டினால் போதும். இனி, நோய் வந்தபின்னும் சேரலாம் என்று விதி இருந்தால் என்ன நேரும்? “நோய் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம்” என்று சுகமான பசு வைத்திருப்போர் விலகி நிற்பார்கள். ஐம்பது பேர் விலகினால், சாகக்கூடிய மூன்று பசுக்களும் எஞ்சிய ஐம்பதுக்குள்ளேயே இருக்கும். கட்டுப்பணம் 12,000 ரூபாயாகிவிடும். அதைக் கண்டு இன்னும் சிலர் விலகுவர். ஈற்றில் நிதியும் இராது, நிழலும் இராது. பழைய நோயைக் காப்புறுதிக்காரர் விலக்கிவைப்பதன் காரணம் இதுவே. வரலாம், வராமலும் போகலாம் என்ற ஐயத்துக்கே காப்புறுதி, வந்துவிட்டதற்கு அன்று.

ஆனால், ஒரு நோய் வந்த பசுவுக்கு எல்லாக் கதவும் அடைபட்டுவிடும் என்று எண்ணுதல் தவறு. காப்புறுதி உலகில் மூன்று வழிகள் உண்டு. முற்றாக மறுத்தல் ஒன்று. அந்த ஒரு நோயை மட்டும் விலக்கி, மற்றவற்றுக்குப் பாதுகாப்பளித்தல் இரண்டாவது. கட்டுப்பணத்தைக் கூட்டி ஏற்றுக்கொள்ளுதல் மூன்றாவது. நம் மலைச்சரிவில் மாடு வழுக்கி விழுந்து கால் முறிவதற்கும், இடி விழுந்து மாள்வதற்கும், பழைய மடிவீக்கத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ஆகவே, இரண்டாவது வழி உண்டா என்று கேட்டுப் பார்ப்பது பசு வைத்திருப்பவரின் கடமை. எல்லாப் பழைய நோயும் ஒரே தன்மையன என்றும் கொள்ளலாகாது. ஆறிப்போன காயம் வேறு. ஒரு முறை பால்காய்ச்சல் கண்ட பசுவோ, அடுத்த ஈற்றிலும் அதற்கு ஆளாகக்கூடியது. மடிவீக்கத்திலும், வெளியே குணமானதுபோல் தோன்றினும் கிருமி உள்ளே தங்கிவிடும் வகை உண்டு. இவற்றைப் பிரித்துக் கூறவல்லவர் மிருக வைத்தியரே.

இனி, அயலாரின் புத்திக்கு வருவோம். இங்கிலாந்தில் 1766ஆம் ஆண்டு மான்ஸ்பீல்ட் பிரபு வழங்கிய தீர்ப்பொன்று காப்புறுதிச் சட்டத்துக்கு அடிக்கல் போன்றது. சுமாத்திராத் தீவிலிருந்த ஒரு கோட்டையைப் பற்றிய வழக்கு அது. தான் அறிந்த முக்கியமான உண்மையை மறைத்துப் பெறும் காப்புறுதி செல்லாது என்ற விதியை அவர் அதில் விளக்கினார். அந்த நன்னம்பிக்கை இரு சாராரையும் கட்டும் என்பதும் அவர் கருத்து. அவ் வழக்கில் வென்றவர் காப்புறுதி பெற்றவரே என்பது கவனிக்கத்தக்கது. ஆகையால், நோயை மறைத்தவர் ஆண்டாண்டாகக் கட்டுப்பணம் கட்டியும், பசு இறந்த அன்று வெறுங்கையோடு நிற்க நேரிடலாம். சொல்லி ஒரு நோய்க்குரிய பாதுகாப்பை இழப்பது சிறு நட்டம். சொல்லாமல் முழுவதையும் இழப்பது பெருநட்டம்.

அதே நியாயம் மற்றப் பக்கத்துக்கும் உரியது. எந்த நோய்க்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை, கையொப்பமிட்ட எத்தனை நாள் கழித்துப் பாதுகாப்பு தொடங்கும் என்பனவற்றைக் காப்புறுதி செய்பவர் தெளிவாகச் சொல்லவேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே, தமிழில் விளக்கம் கேட்பது யாசகமன்று, உரிமை. விளங்காத பத்திரத்தில் கைநாட்டு வைப்பதைவிட ஒரு நாள் தாமதிப்பது மேல்.

செய்யவேண்டியவை சில உள. கன்று நாகாக வளர்ந்து நலமாயிருக்கும்போதே காப்புறுதி செய்துவிடுங்கள். வைத்தியர் தரும் துண்டுகளை ஒரு கொப்பிக்குள் வைத்துக் காப்பாற்றுங்கள். நோய் இருந்தது என்பதற்கு மட்டுமன்று, குணமாயிற்று என்பதற்கும் அவையே சாட்சி. காதில் இட்ட இலக்க வில்லை விழுந்துவிட்டால் உடனே அறிவியுங்கள். இறந்த பசுவும் காப்புறுதி செய்த பசுவும் ஒன்றே என்று காட்ட வேறு எளிய வழியில்லை. கறக்கும்போது முதற்பாலைக் கருநிறப் பாத்திரமொன்றில் பீச்சிப் பாருங்கள். திரி திரியாகத் தென்பட்டால் அன்றே வைத்தியரை நாடுங்கள். நோய்கண்ட காம்பைக் கடைசியிற் கறவுங்கள்.

அப்படியாயின், எவரும் ஏற்காத பசுவை வைத்திருக்கும் ஏழையின் கதி என்ன? இக் கேள்வியைத் தட்டிக்கழித்தல் அறமன்று. காப்புறுதி தருமமன்று என்று சொல்லி நாம் ஓய்ந்துவிட முடியாது. தோட்டப் பிரிவொன்றின் பசுக்கள் அனைத்தையும், நல்லது தீயது பாராமல், ஒரே தொகுதியாகச் சேர்த்துக் காப்புறுதி செய்யும்போது, நோயுற்ற சிலவற்றின் பாரத்தைச் சுகமான பல சுமக்கும்; விலகி நின்று காத்திருப்போரும் இரார். இது நமக்குப் புதிய பாடமன்று. தோட்டங்களிலே மரண உதவிச் சங்கம் நடத்திப் பழகியவர்கள் நாம். மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து, சாவு விழுந்த வீட்டுக்கு ஒன்றாய்க் கைகொடுப்பவர்கள் நாம். அங்கே கிழவர் வீடு, நோயாளி வீடு என்று எவரையும் நாம் தள்ளிவைப்பதில்லை. எல்லோரும் சேர்வதாலேயே அது தாங்குகிறது. பால் சேகரிக்கும் இடத்திலேயே அத்தகைய நிதியொன்றைத் தொடங்க, நாலு பேர் கூடிப் பேசினால் போதும்.

நாளைக் காலை பால் கொடுக்கப் போகும்போது, வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் இந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.