பெயின்ட் பூத்தில் முதல் நாள்

விபத்தில் நசுங்கிய கார் பட்டறைக்கு வருகிறது. டிங்கர் தகட்டை நிமிர்த்துகிறார், வெல்டர் பற்றவைக்கிறார், பட்டி பூசித் தேய்க்கிறார்கள், கடைசியில் பெயின்டர் கைக்குப் போகிறது. அடிபட்ட சுவடே இல்லாமல் வண்டி வெளியே வருகிறது. இந்த வேலையைக் கற்க வரும் இளைஞருக்கு முதல் நாளில் எதைச் சொல்லித்தர வேண்டும்?

கிரைண்டரைத் தொடுமுன் கண்ணாடி போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழையக் கூடாது, ஸ்டாண்டு கொடுத்தாக வேண்டும். ஏர்பேக் இருக்கும் இடத்தில் கைவைக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். கண் இமைப்பதற்குள் விரிந்துவிடும் பொருள் அது. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டால், அதற்கென்று பயிற்சி பெறாதவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இவற்றைப் பெரும்பாலான பட்டறைகளில் மூத்தவர்கள் அதட்டியாவது சொல்லிவிடுவார்கள். ரத்தம் வரும், சத்தம் வரும் என்பதால் புதியவருக்கும் பயம் இருக்கும்.

பெயின்டில் அந்தப் பயம் வருவதில்லை. அதனால்தான் இன்றைய நேரத்தில் பெரும்பகுதியை அதற்கே கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்று கார்களுக்கு அடிக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் டூகே வகை. பெயின்டோடு ஹார்டனரைக் கலந்தால்தான் இறுகும். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் இந்த வகை ரசாயனங்களைக் கொண்டு பாலியூரித்தேனை உருவாக்கினார்கள். பளபளப்பு, வெயில் தாங்கும் உறுதி எல்லாம் அதிலிருந்து வந்தவை. 1984இல் போபாலில் கசிந்த விஷவாயுவும் ஐசோசயனேட் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுதான். பதற வேண்டாம் நேயர்களே, ஹார்டனரில் இருப்பது அந்த வாயு அல்ல. ஆனால் ஸ்பிரே கன்னிலிருந்து நுண்துளியாகப் பறக்கும்போது இதுவும் நுரையீரலுக்குள் போகிறது. தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்குப் பெரிய காரணங்களில் இது ஒன்று. பிரிட்டன் அரசின் பணிப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. கணக்கிட்டபடி, அந்நாட்டின் மற்றத் தொழிலாளர்களைவிட வாகன பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு 80 மடங்கு.

பட்டறையில் மூக்கைத் துளைக்கும் வாசனை தின்னருடையது. ஐசோசயனேட் கெடுதல் செய்யும் அளவில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. வாசனை போய்விட்டது, மாஸ்க்கைக் கழற்றலாம் என்று நினைப்பது இதனால்தான் ஆபத்து. முகத்தில் கட்டும் கைக்குட்டை தூசியைக்கூடச் சரியாகத் தடுக்காது. கரி வடிகட்டி மாஸ்க்கின் திறன் தீர்ந்துபோனால் வாசனையால் எச்சரிக்கை கிடைக்காது. ஆகவே கம்ப்ரஸரிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தரும் ஏர்-ஃபெட் மாஸ்க்தான் வேண்டும். அந்தக் கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் வாய், வண்டிப் புகையோ பெயின்ட் புகையோ அண்டாத இடத்தில் இருக்க வேண்டும். தோல் வழியாகவும் ஒவ்வாமை தொடங்கலாம் என்பதால் கலக்கும்போதே நைட்ரைல் கையுறை.

மாஸ்க் வாங்கிக் கொடுத்த பட்டறையிலும் ஒரு பழக்கம் மிஞ்சுகிறது. ஒரு கோட் அடித்து முடித்ததும் பெயின்டர் மாஸ்க்கின் முன்கண்ணாடியை மேலே தூக்கி, தன் வேலையைக் குனிந்து பார்ப்பார். பெயின்ட் வழிந்து ஓட்டம் விழுந்திருக்கிறதா, மினுமினுப்பு சரியா என்று. நல்ல கைக்காரருக்கு அந்த ஆவல் இயல்பு. ஆனால் பெயின்ட் அடிக்கும் மூடிய அறையான பூத்தில் துளிகள் இன்னும் மிதந்துகொண்டிருக்கின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை.

தெரிய வைக்க எளிய வழி உண்டு. பூத்துக்குள் புகை இயந்திரத்தால் புகையை நிரப்பி, மின்விசிறியைப் போட்டு, கடைசிப் புகை மறையும் வரை கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நல்ல பூத்தில் சில நிமிடம். சாதாரண அறையில் 20 நிமிடம்கூட ஆகலாம். அந்த நேரத்தைப் பூத் கதவில் எழுதி ஒட்டிவிடுகிறார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் இதை நேரில் பார்த்துவிட வேண்டும். மூலையில் சுழன்றுகொண்டே நிற்கும் புகையைப் பார்த்தவருக்கு வேறு பாடம் தேவைப்படாது. புகைப் பரிசோதனையைச் செலவு என்று ஒதுக்கும் பட்டறை முதலாளிகள், ஒரு கார் கதவுக்குத் திரும்பப் பெயின்ட் அடிக்கும் கூலியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இப்போது பெயின்டர் வீட்டில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக அம்மாக்களுக்கும் மனைவிமார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த ஆஸ்துமா பல நேரங்களில் பட்டறையில் வருவதில்லை. வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, ராத்திரி தூக்கத்தில் இருமலாக, நெஞ்சு இறுக்கமாக வரும். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும் வந்தால் தணிந்துபோகும். சளி என்று டானிக் வாங்கிக் கொடுத்தே மாதங்கள் ஓடிவிடும். ஒவ்வாமை ஒருமுறை பிடித்துவிட்டால், அப்புறம் மிகச் சிறிய அளவுகூட மூச்சை முட்டச் செய்யலாம். கற்ற தொழிலையே விட நேர்கிறது. எனவே வேலை நாளுக்கும் விடுமுறைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் கவனித்துவிட்டால் தாமதிக்க வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது ஹார்டனர் டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன வேலை, எந்த ரசாயனம் என்று நீங்களாகவே சொல்லுங்கள், கேட்கப்படாமல் போகலாம்.

வண்டி கொடுத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று பட்டறையை நெருக்காதீர்கள். பூத் கதவில் எழுதியிருக்கும் அந்தச் சில நிமிடங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் முழுதாகக் கிடைக்கட்டும்.