எந்தக் கணக்குத் தாளை எழுதுவது?



இங்கே பாதிப் பேர் பி.எஸ்சி. கணிதம். மற்றவர்கள் புள்ளியியல், பி.சி.ஏ. முதுகலைக்கு நுழைவுத் தேர்வு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். எந்தத் தேர்வு, அதில் எந்தத் தாள் என்பதில்தான் குழப்பம். அதை மட்டும் பேசுகிறேன். 'நமக்குக் கணக்கு வருமா' என்பதற்கு நேரம் ஒதுக்கப் போவதில்லை. அது யார் கிளப்பிவிட்ட கேள்வி என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டில் பேராசிரியர் ஒருவர் இருந்தால் இந்தத் தகவல் சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். நமக்கோ விண்ணப்பத் தேதி முடிந்த பிறகு யாரோ சொல்வார்கள். தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஐஐடிகள் நடத்தும் ஜாம் தேர்வில் ஏழு தாள்கள் உண்டு. அதில் கணிதம் ஒன்று, கணிதப் புள்ளியியல் வேறொன்று. பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். கணிதத் தாளில் மெய்ப் பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், குலங்கள் வரும். (பாடநூலில் 'குரூப்' என்பதற்குக் குலம் என்றுதான் பெயர். பிறப்பைப் பார்க்காத ஒரே குலம் அதுதான்.) மற்றதில் நுண்கணிதம், அணிகளோடு நிகழ்தகவு, பரவல்கள், கருதுகோள் சோதனை வரும். கான்பூர் ஐஐடியில் எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்க இந்த இரண்டாவது தாள்தான் வேண்டும். நீங்கள் பி.எஸ்சி. கணிதம் என்பதற்காகக் கணிதத் தாளை எழுதிவிட்டு அங்கே போய் நிற்க முடியாது. எங்கே, என்ன படிக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் படிப்புக்கு எந்தத் தாள், என்ன தகுதி என்று தகவல் கையேட்டில் இருக்கும். இரண்டு தாள்களும் வெவ்வேறு வேளையில் வந்தால், ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதலாம்.

கேட் தேர்விலும் கணிதத் தாள் இருக்கிறது. அதில் இடவியல், சார்புப் பகுப்பாய்வு எல்லாம் வரும், எம்.எஸ்சி. முடிக்கிறவர்களுக்கே அது பொருந்தும். இளங்கலையில் இருக்கும்போது அதற்குப் பயிற்சி மையத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை.

சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகமும், இந்தியப் புள்ளியியல் கழகமும் தனித் தேர்வு நடத்துகின்றன. விடையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, நிரூபணத்தை எழுதிக் காட்ட வேண்டும். நம் கல்லூரிகளில் நிரூபணத்தை மனப்பாடம் செய்ய வைத்தே பழக்கிவிட்டார்கள். அதனால் ஒரு தேற்றத்தை எடுத்து, புத்தகத்தை மூடிவிட்டு, சொந்தமாக எழுதிப் பாருங்கள். இந்தியப் புள்ளியியல் கழகத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு. நம் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

பி.சி.ஏ. தோழர்களுக்கு: திருச்சி என்.ஐ.டி.யில் எம்.சி.ஏ. சேர நிம்செட் எழுத வேண்டும். 1000 மதிப்பெண்ணில் 600 கணக்குக்குத்தான். எல்லாம் பள்ளி மேல்நிலை அளவு, பழைய பாடநூலைத் தூசி தட்டினால் போதும். மாநிலக் கல்லூரி என்றால் டான்செட்.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு. இதிலும் கணிதமும் புள்ளியியலும் தனித்தனித் தாள்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். இந்தியில் படித்தவர் தன் மொழியில் வினாவை வாசிக்கலாம். தமிழில் படித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. பொதுத் தேர்வு என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறார்கள். இதை எதிர்த்துப் பேச வேண்டும், பேசுவோம். அதுவரை கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் ஒரே நோட்டில் எழுதி வையுங்கள்.

கடைசியாகச் சான்றிதழ். நன்றாகப் படித்தவர்களே தடுக்கி விழும் இடம் இது. நம் மாநிலத்தின் 69 சதவீதம் மத்திய நிறுவனங்களில் கிடையாது. அங்கே பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, ஓ.பி.சி.க்கு 27. பி.சி., எம்.பி.சி. என்றிருக்கும் மாநிலச் சான்றிதழை அங்கே ஏற்கமாட்டார்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசின் படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். அவர்கள் சொல்லும் தேதிக்குப் பிறகு வழங்கியதாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுப் பிரிவில் தள்ளிவிடுவார்கள். ஜாமில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடித் தோழர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஓ.பி.சி. ஆண்களுக்குக் கிடையாது, முழுத் தொகையைத் தயார் செய்து வையுங்கள்.

ஜாம் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். இ-சேவை மையத்துக்கு அதற்கு முன்பே போய்விடுங்கள். சான்றிதழைக் கையோடு கொண்டு வந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.