முகமும் வெற்றிடமும்



சிவகாசி என்றதும் வெடியோசையே செவியில் எழும். அவ்வெடியைப் பொதிந்துள்ள தாளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. மழை குன்றிய இக்கந்தக பூமியில், கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ஆம் ஆண்டளவில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. வண்ணத்திற்கொரு கல்லாகக் கல்லச்சில் அடித்த காலம் போய், ஆப்செட் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் என்னும் மூன்றும் ஒரே மையில் நனைந்து ஊர் ஊராகச் சென்றன.

காலண்டர்த் தாளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. மேலே படம், கீழே வெற்றிடம். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை எழுதியவர். அவர் தீட்டிய தெய்வத் திருவுருவங்கள் சிவகாசியில் அச்சாகி இல்லந்தோறும் சுவரேறின. திருவுருவத்தின் கீழிருந்த வெற்றிடத்தில் நகைக்கடையின் பெயரும் அச்சாகலாம். மளிகைக்கடையின் பெயரும் அச்சாகலாம். முகம் ஒன்றே, அது யார்க்குத் துணைநிற்கும் என்பதை வெற்றிடத்தை விலைக்குப் பெற்றவரே முடிவு செய்வார். திரைநட்சத்திரத்தின் முகம் விளம்பரத்தில் நுழைந்ததும் இவ்வாயில் வழியாகத்தான். லீலா சிட்னிஸ் 1941இல் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் தோன்றிய பின், அம்முகத்திற்கும் ஒரு விலை ஏற்பட்டது.

இதே இலக்கணம் மதுவிற்குப் பொருந்தியபோது நேர்ந்தது யாது? பிலிப்பைன்ஸ் நாட்டின் ஜினெப்ரா சான் மிகுவெல் என்னும் ஜின் மதுவின் லேபிளை, பிற்காலத்தில் அந்நாட்டின் தேசியக் கலைஞராகப் போற்றப்பெற்ற பெர்னாண்டோ அமோர்சோலோ வரைந்தார். சாத்தானை மிதித்து வாளோங்கும் தேவதூதரே அதிலுள்ள உருவம். தேவதூதர் நின்ற இடத்தில் பின்னர்த் திரைநட்சத்திரங்கள் நின்றனர். ஏழைகளின் காவலனாகத் திரையில் வலம்வந்த பெர்னாண்டோ போ ஜூனியர், சான் மிகுவெல் பீருக்கு முகம் தந்தார். 2004இல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார். இந்தியாவில் தர்மேந்திரா முதலிய இந்தி நடிகர்கள் பேக்பைப்பர் விளம்பரங்களில் நண்பர் குழாத்தின் களிப்பைக் காட்டினர். கேபிள் தொலைக்காட்சி விதிகள் 2000ஆம் ஆண்டில் மது விளம்பரத்தைத் தடுத்தபின், சோடாவின் பெயரால் அதே எழுத்தும் அதே வண்ணமும் வேடம் மாற்றி வந்தன. பெயரைச் சொல்லாமலே பொருளை உணர்த்தும் குறிப்புப்பொருள் உத்தி, வணிகத்திற்கும் கைவந்துவிட்டது.

தமிழ்நாட்டின் கதை வேறு. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது. திரையில் மது அருந்தாத நாயகனாகவே தம் உருவை அமைத்துக்கொண்ட எம்.ஜி.ஆரின் ஆட்சியில், 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. எந்த நடிகரின் முகமும் இன்றியே அக்கடைகளில் கூட்டம் நின்றது. 1956இல் விருதுநகரில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனாரைத் 'தமிழ்நாடு' என்னும் பெயருக்காகவே நாடு நினைவுகூர்கிறது. நாடெங்கும் மதுவிலக்கு வேண்டும் என்பதும் அவர் விடுத்த கோரிக்கைகளுள் ஒன்று. பெயர் கிடைத்தது, மற்றது மறந்துபோயிற்று.

தமிழ்க் கவிதைக்கு மது புதிதன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அதியமானை இழந்த ஔவையாரோ, கையறுநிலைப் பாடலில் (புறநானூறு 235) அவன் கள்ளைப் பகிர்ந்த பாங்கை முதலில் நினைந்து அழுதார். அங்கே கொடுத்தவன் யார் என்பது பெற்றவருக்குத் தெரியும். அவன் முகத்திற்கு அவன் கொடையே சான்று. விளம்பரத்தில் புன்னகைக்கும் நட்சத்திரமோ எவர்க்கும் எதையும் கொடுப்பதில்லை. கொடையின் தோற்றத்தை மட்டும் அவர் வாடகைக்குத் தருகிறார். ஔவையின் புகழ்ச்சிக்கும் விளம்பரப் புகழ்ச்சிக்கும் இடையே உள்ள தொலைவு இதுவே.

பழைய விளம்பரத் தாள்களை அழகுப் பொருளாகச் சேகரிக்கும் வழக்கம் இன்று வளர்ந்துள்ளது, அது நன்றே. ஆயினும் அத்தாளில் இடம்பெறாதவரையும் கவிஞர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். லட்சுமி வெடியின் மேல் திருமகள் இருக்கிறாள். திரி செருகிய பெண்ணின் பெயர் இல்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அவர்தம் முகங்கள் எந்தக் காலண்டரிலும் ஏறியதில்லை.

புகழ்ந்து பாடுமாறு கவிஞரை நாடி வருவோர் எக்காலத்தும் உண்டு. பாடும் முன் தாளின் கீழ்ப்பகுதியைப் பார்த்துக்கொள்ளுதல் நலம். அவ்வெற்றிடத்தில் எப்பெயர் அச்சாகப் போகிறது என்பது தெரிந்தபின் எழுதும் சொல்லே கவிஞர்க்கு உரிய சொல்லாகும்.