நன்றியுள்ள அடியார்



உணவு முடிந்து எழும்பொழுது முஸ்லிம் இல்லங்களில் ஒலிக்கும் ஒரு சொல்லைத் தாங்கள் கேட்டிருக்கக்கூடும். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பர், புகழ் அனைத்தும் இறைவனுக்கே என்பது அதன் பொருள். தும்மினாலும் அச்சொல்தான், நலமா என்று வினவினாலும் விடை அதுதான். சிறு வயதில் நானும் அதை நாள்தோறும் பன்முறை கூறினேன். நாவு அறிந்திருந்தது, நெஞ்சு அறிந்திருந்தது என்று கூறத் துணியேன்.

நெஞ்சு அறிந்தது ஒரு கோடைக்கால ரமலானில். அதுவே நான் நோற்ற முதல் நோன்பு. பிற்பகலில் திண்ணையோரத்து மண்பானையைப் பாராமல் இருப்பதற்கே பெருமுயற்சி வேண்டியிருந்தது. மாலையில் பாங்கொலி கேட்டு, முதல் மிடறு நீர் தொண்டையில் இறங்கியபொழுதுதான், அதுவரை எத்தனை ஆயிரம் மிடறுகளை ஒன்றும் அறியாமல் விழுங்கியிருக்கின்றேன் என்று தோன்றியது. நோன்பைப் பற்றிப் பேசும் திருக்குர்ஆன் பகுதி, நீங்கள் நன்றி செலுத்துவோர் ஆகலாம் என்னும் கருத்தோடு ஒரு வசனத்தை முடிக்கின்றது. பசிக்கும் நன்றிக்கும் உள்ள உறவு எனக்கு நூலால் விளங்கவில்லை, நீரால் விளங்கியது.

நன்றியை அரபியர் ‘ஷுக்ர்’ என்பர். அதற்கு எதிரான ‘குஃப்ர்’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள் மூடுதல் என்பதாகும். விதையை மண்ணால் மூடுகின்ற உழவனையும் அதே வேரில் பிறந்த சொல்லால் குறித்தனர். எனவே நன்றி மறத்தல் என்பது, பெற்ற நலத்தைத் தெரியாதபடி மூடிவிடுதல். நம் தமிழோ இதனைச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்கின்றது. செலுத்துதல் அன்று, அறிதல்! வெவ்வேறு குடும்பத்து மொழிகள் இரண்டும் இவ்விடத்தில் அருகருகே வந்து நிற்பது எனக்கு என்றும் வியப்பளிப்பது.

1058-ஆம் ஆண்டில் பிறந்து 1111-இல் மறைந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி, ‘இஹ்யா’ என்னும் தமது பெருநூலில் பொறுமைக்கும் நன்றிக்கும் ஒரு தனிப் பகுதியே ஒதுக்கினார். நன்றியின் முதற்கூறு அறிவு; அதிலிருந்து உள்ளத்து மகிழ்வு பிறக்கும்; மகிழ்விலிருந்து செயல் பிறக்கும் என்பது அவர் கொள்கை. அறிவு என்று அவர் கூறுவது எளிதானதன்று. ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு, அது உண்ணத்தக்கதாகித் தட்டுக்கு வருமுன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் உழைத்திருக்க வேண்டும் என்கின்றார். சின்னஞ்சிறு ஊசியும் அதனைச் செய்வோன் கையில் 25 முறை புகுந்து வந்த பின்னரே ஊசியாகின்றது என்று கணக்கிடுகின்றார். இறையருளைத் தேடிப் புறப்பட்டவர் கொல்லன் பட்டறைக்குள் நுழைந்துவிட்டாரே என்று மாணவனாக இருந்தபொழுது நான் நகைத்ததுண்டு. அவர் நுழைந்தது சரியான வாயில்தான் என்று பின்னர் உணர்ந்தேன்.

வழிபாட்டிலும் இது முதலிடம் பெறுகின்றது. ஐவேளைத் தொழுகையின் கடமையான 17 ரக்அத்துகளிலும் இறைபுகழோடு தொடங்கும் அல்ஃபாத்திஹா ஓதப்படுகின்றது. வேண்டுதல் அதற்குப் பின்னரே வருகின்றது. ‘அர்ரஹ்மான்’ என்னும் 55-ஆம் அத்தியாயத்திலோ, இறைவனின் அருட்கொடைகளுள் எதனை மறுப்பீர்கள் என்னும் வினா, 78 வசனங்களுக்குள் 31 முறை எழுகின்றது. ஞாயிறு, திங்கள், கனிமரங்கள், கடலில் விளையும் முத்து, மலைபோல் செல்லும் மரக்கலங்கள் எனக் கொடைகள் விரிகின்றன. அவற்றினிடையே, வானத்தை உயர்த்தியதாகச் சொன்ன அதே மூச்சில், ஒரு தராசு வருகின்றது! எடையில் குறைவு செய்யாதீர்கள் என்ற கட்டளையும் உடன் வருகின்றது. வானத்துக்கு நன்றி கூறுகின்றவன் கடையில் படிக்கல்லைத் தேய்க்கலாகாது.

இனி, என்னை நெடுநாள் வருத்திய ஐயம் ஒன்றைக் கூறுகின்றேன். கல்லூரியில் பயின்ற காலத்தில், கூலி போதவில்லை என்று முறையிட்ட தொழிலாளி ஒருவரிடம் செல்வர் ஒருவர், ‘உள்ளதற்கு நன்றி செலுத்து’ என்று அறிவுரை கூறக் கேட்டேன். அவருக்கு அது பக்தியாகத் தோன்றியிருக்கலாம். எனக்கோ நாணமாக இருந்தது. நன்றி என்பது இல்லாதவன் வாயை அடைக்கும் துணிதானா?

விடையைத் திருமறையிலேயே கண்டேன். இறைவன் அளித்ததிலிருந்து செலவிடுங்கள் என்றபொழுது, அவன் நாடினால் உணவளித்திருப்பானே, அவர்களுக்கு நாங்களா உணவளிப்பது என்று கேட்டவர்களை, ‘யாஸீன்’ அத்தியாயம் மறுப்போர் வரிசையில் வைக்கின்றது. ‘அள்ளுஹா’ என்னும் 93-ஆம் அத்தியாயம் 11 வசனங்களே உடையது. அநாதையாக இருந்தபொழுது புகலிடம் அளித்ததையும், வழி அறியாதிருந்தபொழுது வழி காட்டியதையும், வறுமையில் இருந்தபொழுது போதுமாக்கியதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அது நினைவூட்டுகின்றது. உடனேயே, அநாதையை ஒடுக்காதீர், கேட்டு வருவோரை விரட்டாதீர் என்று பணித்து, அதன் பின்னரே இறையருளை எடுத்துரைக்குமாறு கூறுகின்றது. வரிசையைக் கவனியுங்கள்: பேச்சு ஈற்றில் நிற்கின்றது. குறித்த அளவுக்கு மேல் ஓராண்டு தங்கிய செல்வத்தில் 40-இல் ஒரு பங்கை ஜகாத்தாக எளியோர்க்கு உரியதாக்கியதும் இவ்வழியிலேதான். நன்றியின் கடன் பெற்றவன்மீது விழுகின்றது, பெறாதவன்மீது அன்று. அந்தச் செல்வருக்கு அன்று இதனைக் கூற எனக்குத் துணிவு இல்லை.

நாயகம் அவர்கள் இரவில் கால்கள் வீங்கும் அளவு நின்று தொழுவார்கள். தங்கள் பிழைகள் யாவும் மன்னிக்கப்பட்டிருக்க இத்துணை வருத்தம் ஏன் என்று ஆயிஷா நாயகி வினவினார்கள். நன்றியுள்ள அடியானாக இருக்க நான் விரும்பலாகாதா என்பதே விடையாக வந்தது. அச்சத்தால் தொழுவோரும் உளர், ஆசையால் தொழுவோரும் உளர், இது வேறு.

என் முதல் நோன்பின் மாலைக்கே மீண்டும் வருகின்றேன். நீர் அருந்தி, பள்ளிவாசல் கஞ்சியை ஆர்வத்தோடு குடித்துக்கொண்டிருந்தேன். வாப்பா என் கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொடுத்து, பின் தெருவில் தனியே வாழ்ந்த மூதாட்டியிடம் சேர்த்துவிட்டு வருமாறு அனுப்பினார். பாதிக் கஞ்சியை விட்டுச் செல்ல மனமில்லாமல்தான் சென்றேன். அம்மூதாட்டி வெறும் நீரால் நோன்பு திறந்துவிட்டு, இருட்டில் அமர்ந்திருந்தார். சட்டியை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, சற்று முன் நான் கூறிய அதே சொல்லைக் கூறினார். பிறகு, ‘நீ குடித்தாயா, தம்பி?’ என்று கேட்டார்.